கற்பூரம் வேண்டாதவர்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கு பேசித் தீரவில்லை என்றால் கற்பூரம் வந்துவிடும். மாரியம்மன் கோயில் வாசலில் வெற்றிலை மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்துவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. எதிராளிக்கு மனசு ஆறாவிட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். அது மனிதர்களின் வேலை இல்லை.

எங்கள் ஊரில் ஒருவருக்கு மட்டும் கற்பூரம் கிடையாது. "அவரு சொல்லிட்டாரா? அப்பறம் இன்னாத்துக்குக் கற்பூரம்?" என்று பூசாரியே தட்டைக் கீழே வைத்துவிடுவார்.

அவர் மாட்டுத் தரகர். அந்தத் தொழிலில் இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஊர்முறையில் நான் அவரை மாமா என்பேன், அவர் மனைவியை அத்தை என்பேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் கெட்டுப்போக நான் காரணமாக இருந்தேன். அதை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். ஒரு காது மாட்டுக் கொம்பு பட்டுக் கிழிந்து ஒட்டியிருக்கும். யாரோடு பேசினாலும் நேராக நிற்கமாட்டார், மாட்டருகே நிற்பதுபோல் ஒதுங்கிப் பக்கவாட்டில் நிற்பார். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். பல்லைப் பார்த்தே வயது சொல்லிப் பழகியவர்.

கள்ளக்குறிச்சிச் சந்தையில் ஒருமுறை அவரோடு நின்றிருந்தேன். ஒருவர் தன் வெள்ளைக் காளையை விற்க வந்திருந்தார். வாங்க வந்தவர், "மாடு எப்படிங்க?" என்று அவரைக் கேட்டார்.

"நல்ல மாடு. ஏர்ல நல்லா போவும். தண்ணியைக் கண்டா மட்டும் இறங்காது. ஓடை இருக்கிற வழியா ஓட்டிக்கினு போனீங்கன்னா பொழுது அங்கயே போயிடும்."

விற்க வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், நீ யாருக்குய்யா தரகு பண்ற? எனக்கா, அந்தாளுக்கா?"

"மாட்டுக்கு."

"இன்னாது?"

"உங்க ரெண்டு பேருக்கும் வாய் இருக்குது இல்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாடு அன்றைக்கே விற்றுப்போயிற்று. வாங்கியவர் ஊரில் ஓடை இல்லை. மற்ற தரகர்கள் அவரிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் அளந்து விடுவதை இவர் பக்கத்தில் நின்று ரசித்துக் கேட்பார். யாருக்கும் உண்மை பேசச் சொல்லிப் புத்தி சொன்னவரும் இல்லை.

"ஏன் மாமா, நீங்க பொய்யே சொல்றதில்ல?" என்று கேட்டேன். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னாவோ, வரல."

"வரலன்னா?"

"சில பேருக்கு விசில் அடிக்க வராது இல்ல? வாயைக் குவிச்சா காத்துதான் வரும். அந்த மாதிரி."

சொல்ல விருப்பமில்லாத விஷயம் வந்தால் அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. "அதைக் கேக்காத. கேட்டா சொல்லிடுவேன்" என்பார். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அந்த வாக்கியத்தைச் சொல்லி விளையாடுவார்கள். பலமுறை அது பயன்பட்டது. நல்ல மனிதர்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

எல்லாரும் நல்ல மனிதர்கள் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்கத் திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். போகும் வழியில் மாட்டுக்கொட்டகை வாசலில் அவரை நிறுத்தி, "பொண்ணு எப்படிங்க?" என்றார்கள். "தங்கமான பொண்ணு" என்றார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார்கள்.

"அதைக் கேக்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன்."

கேட்காமல் விடுவார்களா? சிறு வயதில் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்ததையும், பிறகு வராததையும் சொன்னார். பிறகு வராததை யாரும் காதில் வாங்கவில்லை. சம்பந்தம் கலைந்தது. என் அம்மா அவரை வாசலில் நிறுத்திவைத்துத் திட்டினாள். "ஒரு பொண்ணு வாழ்க்கைங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுவியா பூடும்?"

"தெரியுமே தங்கச்சி" என்றார் அவர். அவ்வளவுதான் அவரிடமிருந்து வந்த பதில்.

அந்தப் பெண்ணைப் பிறகு மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தரகர் எங்கள் தெரு வழியாக மாடு ஓட்டுவதை விட்டுவிட்டார். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். நீண்ட சுற்று அது. ஏன் சுற்றுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவார் என்று தெரியும். எனக்கு அந்த வயதில் அவரை அதற்காகப் பிடிக்காமல்தான் போயிற்று. இரக்கமில்லாத நேர்மை என்று கல்லூரி விடுதியில் யாரிடமோ சொன்னேன். படித்தவன் பேச்சு.

வீட்டில் அத்தை இதைச் சிரித்துக்கொண்டே சமாளித்தாள். தினமும் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "கொழம்பு எப்படி?" என்று கேட்பாள். "உப்பு கம்மி" என்பார். மறுநாள் "புளி ஜாஸ்தி" என்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை போடச் சொல்வார்.

"பாத்தியா தம்பி, இந்த மனுஷனை!" என்பாள் என்னிடம். "நான் கண்ணை மூடறதுக்குள்ள இந்தாளு வாயிலருந்து ஒரே ஒரு பொய் வாங்கிடணும். கொழம்பு நல்லாருக்குதுன்னு. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

"நல்லா வெச்சா சொல்லப்போறேன்" என்பார் அவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

மலையில் அவருக்கு வேறு மரியாதை. வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூர்களுக்கு மாடு வாங்க நடந்தே போவார். கச்சிராயபாளையம் தாண்டி ஏற வேண்டும். மலைக்காரர்கள் கீழ்நாட்டு ஆள் யாரையும் எளிதில் நம்பமாட்டார்கள். நம்பிக் கெட்ட கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தன. இவர் சொன்னால் மட்டும் மாட்டை அவிழ்த்துக் கையில் கொடுப்பார்கள்.

எங்கள் அப்பாவுக்கு வெல்ல ஆலை இருந்தது. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆள் பற்றாக்குறை. அந்த வருஷம் அப்பா கேட்டுக்கொண்டதால் அவர் மலையிலிருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். ஓர் இளைஞன், அவன் மனைவி, அவர்களோடு அதே சிற்றூரிலிருந்து இன்னும் சிலர். அந்த இளைஞனுக்கு வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிற வேலை. அவன் அம்மா அவர்களை அனுப்பவே விரும்பவில்லையாம். கடைசியில் தரகரைப் பார்த்து, "இட்டுக்கினு போறது நீ. திருப்பி இட்டுக்கினு வர்றதும் நீதான்" என்றாளாம். அவர் "சரி" என்றிருக்கிறார். அதை அவரே எங்கள் அப்பாவிடம் சொன்னார். "கிழவிகிட்ட சரின்னுட்டேன். ஆளுங்களைப் பாத்து வெச்சுக்கோங்க." அப்பா தலையாட்டினார்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அடுத்து சென்னையில் சட்டம் படிக்க அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். கூடவே, சிகரெட் பிடிக்கிறேன் என்று காதில் விழுந்தால் படிப்பை நிறுத்தி ஏர் பிடிக்க வைத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். ஒரு நண்பகலில் ஆலையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் கரும்பிலிருந்து கழித்த காய்ந்த தோகை, எங்கள் பேச்சில் சோகை, ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதன் மறைவில் நின்று சிகரெட் பற்றவைத்தேன். பாதியில் அப்பாவின் குரல் கேட்டது. கையில் இருந்ததைச் சோகைக்குள் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல் வாய்க்கால் பக்கம் நடந்தேன்.

கரும்புச் சோகை காகிதம் மாதிரி. திரும்பிப் பார்க்கும்போது கொட்டகையின் கீற்றுக்கூரை எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இன்ஜினும் கொட்டகையும் போயின. அடுக்கி வைத்திருந்த வெல்லம் உருகி வாய்க்கால்போல் ஓடிற்று. வெகுநாள் அந்த இடத்தில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

அடுப்பில் தணலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவன் யார்? அந்த மலை இளைஞன். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. அவன் புளியமரத்தடியில் மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். தணலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போனேன் என்று அழுதான். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பேசி முடிவு செய்வது என்றாயிற்று. முடிவு என்னவாக இருக்கும் என்பது முன்பே பேச்சில் இருந்தது. அவனைப் போலீசில் ஒப்படைப்பது. அவன் சிற்றூர் ஆட்கள் யாரையும் இனி இந்தப் பக்கத்து ஆலைகளில் சேர்க்காமல் விடுவது. அந்த மலையில் சாமை விளையாத வருஷங்களில் இந்த வேலைதான் அவர்களுக்குச் சோறு.

எனக்கு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. சொன்னால் வெளியே போகக்கூடாது. அப்படி ஓர் ஆள் ஊரில் ஒருவர்தான். அவர் தொட்டியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

"இன்னான்னு தெரியாம எப்படிச் சொல்றது?"

"நீங்க முதல்ல சொல்லுங்க."

என் வாயைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பொண்ணு சமாச்சாரமா?"

"ஆமாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சிகரெட்டைச் செருகியது பயத்தில் கை செய்த வேலை. இது அப்படி இல்லை. உண்மை பேசுகிறவரிடமிருந்து வாக்கை வாங்க, தெரிந்தே ஒரு பொய் சொன்னேன்.

"சரி போ, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

சொன்னேன். அவர் கையில் இருந்த வாளி அப்படியே நின்றது. மாடு தலையை நீட்டி வாளியை முட்டியது.

"இதுக்கா வார்த்தை வாங்கின?"

நான் அழுதேன்.

"அழுவாத. உங்கப்பன்கிட்ட நீயே சொல்லிடு. அடிப்பாரு. அடிச்சா வாங்கிக்க. அந்தப் பையன் உள்ள போயிடுவான்டா."

"சொல்றேன் மாமா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு."

"சொல்லிடறேன்."

மறுபடியும் என் வாயைப் பார்த்தார். மாட்டின் பல்லைப் பார்த்து ஏமாறாதவர், என்னிடம் என்ன கண்டார் என்று தெரியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டிடம் போனார்.

வியாழன் சாயங்காலம் வரை அப்பாவிடம் சொல்வதற்கு எத்தனையோ தருணங்கள் வந்தன. ஒன்றிலும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடிற்று. மலை இளைஞனைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் மனைவி கொஞ்சம் தள்ளி நின்றாள். "நான் கற்பூரம் அணைக்கறேங்க. நெருப்பு என்னால வரலைங்க" என்றான் அவன்.

ஊர்ப் பெரியவர் ஒருவர், "உன் சாமி மலை மேல இருக்குது. எங்க அம்மன் உன் சத்தியத்துக்கு எப்படிடா பொறுப்பு ஏத்துக்குவா?" என்றார். அதுவும் எங்கள் வழக்கம்தான். வெளியார் கற்பூரம் எங்கள் கோயிலில் செல்லாது. உள்ளூர் ஆள் ஒருவர் அவனுக்காகச் சொல்ல வேண்டும்.

அப்பா தரகரைப் பார்த்தார். "நீ இட்டாந்த ஆளு. இவன் பண்ணலன்னு நீ சொல்லு, விட்டுடறேன். கற்பூரம்கூட வாணாம்."

"இவன் பண்ணல" என்றார் அவர் உடனே.

கூட்டம் சற்று அசைந்தது. அப்பா விடவில்லை. "நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப எப்படித் தெரியும்? யாராச்சும் சொன்னாங்களா?"

"அதைக் கேக்காதீங்க" என்றார்.

ஊர் முழுவதும் அடுத்த பாதிக்குக் காத்திருந்தது. அது வரவில்லை. நான் பிறந்ததிலிருந்து கேட்ட அந்த வாக்கியம் முதல்முறையாகப் பாதியில் நின்றது.

"கேக்கறேன். சொல்லு" என்றார் அப்பா.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வாயை இல்லை, கண்ணைப் பார்த்தார். கோபமாக இல்லை. பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறுகிறாயா என்று கேட்பதுபோல் ஒரு பார்வை. நான் என் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்து தைத்திருந்த செருப்பு. தையல் நூலின் நிறம்கூட நினைவிருக்கிறது.

"நான்தான்" என்றார் அவர். "பீடி புடிச்சேன். சோகையில போட்டுட்டேன்."

கூட்டம் சிரித்தது.

"நீயா? பீடியா?" என்றார் ஊர்ப் பெரியவர். "ஏய், பொகையிலை வாடை பட்டாலே தும்முற ஆளு நீ!"

தரையில் உட்கார்ந்திருந்த இளைஞன் பதறி எழுந்தான். "இல்லைங்க, அண்ணன் எங்க பக்கத்துல மரத்தடியில தூங்கிக்கினு..."

"நீ சும்மா இரு" என்று தரகர் அதட்டினார். அவர் யாரையும் அதட்டி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அப்பா எழுந்துவிட்டார். "இந்தாளு மலைக்காரனைக் காப்பாத்தப் பாக்கறான். இவன் சொன்னா நான் எதையும் ஏத்துக்குவேன், இதை ஏத்துக்கமாட்டேன். கற்பூரத்தைக் கொண்டாங்க."

அவருக்குக் கற்பூரம் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் சொல்லை அத்தனை உறுதியாக நம்பி வந்த ஊர், அவர் சொன்ன முதல் பொய்யை நம்ப அவரிடம் சத்தியம் கேட்டது. பூசாரி தட்டை எடுத்து வந்தார். வெற்றிலை மேல் வைத்துக் கொளுத்தினார். தரகர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவசரப்படவில்லை. கற்பூரம் நன்றாகப் பற்றும்வரை பொறுத்திருந்தார். எனக்காகத்தான் அந்த நேரம் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆலைக்கு நெருப்பு வெச்சது நான்தான்" என்று சொல்லி, உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

புகை மட்டும் எழுந்தது. அவர் அந்த இளைஞனிடம், "எழுந்து வா. மலைக்குப் போலாம்" என்றார்.

அம்மன் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஊர் செய்தது. அவருடைய ஒரு ஜோடிக் காளையும் வண்டியும் நஷ்டத்துக்கு ஈடாக எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்தன. விடுமுறை முடியும்வரை நான் அந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கினேன். சந்தையில் மற்ற தரகர்கள், "அண்ணே, மடியில கற்பூரம் வெச்சிருக்கியா?" என்றார்கள். "மாட்டுக்குத்தான் வாய் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் வாய் எங்க போச்சு?" என்றார்கள். அவர் சிரிப்பார் என்று கேள்விப்பட்டேன். மாட்டை நல்லது என்று சொன்னால் அது உண்மையா என்று இன்னொருவரிடம் விசாரித்தார்கள். கொஞ்ச காலத்தில் கள்ளக்குறிச்சிச் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

மலையில் மட்டும் கடைசிவரை அவர் சொல் செல்லுபடியாயிற்று. அந்தச் சிற்றூர்க்காரர்களுக்கு அவர் புளியமரத்தடியில் தூங்கியது தெரியும். அவர் கற்பூரத்தின் மேல் பொய் சொன்னார் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் தொடர்ந்து நம்பினார்கள். அவர் சத்தியத்தை நம்பிய எங்கள் ஊர்தான் அதற்குப்பின் அவரை நம்பவில்லை. நான் பிறகு வக்கீலாகி, சாட்சிகளோடும் பிரமாணங்களோடும் காலம் கழித்தேன். வாக்குக் கொடுத்தவர் அதைக் காக்கப் பொய் சொல்லலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் இரு பக்கமும் வாதாடத் தெரியும். என்ன பதில் சரி என்று மட்டும் தெரியாது. அவர் செய்ததில் ஒரு குற்றம் இருந்தால் அது என்னுடையது என்பதுவரைதான் தெரியும்.

சட்டம் படிக்கச் சென்னைக்குக் கிளம்பிய அன்று சங்கராபுரம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். என்னோடு பஸ்ஸுக்குள் ஏறி, என் பெட்டியை வாங்கி மேலே வைத்தார்.

"மாமா..." என்றேன்.

"உனக்கு ஒரு வார்த்தை குடுத்துட்டேன். அந்தக் கிழவிக்கு ஒரு வார்த்தை குடுத்துட்டேன். ரெண்டு மாட்டை ஒரே கயித்துல கட்டினா இப்படித்தான் ஆவும். விடு."

"என்னால உங்க பேரு..."

"அது கெடக்குது." பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டார். உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். "எனக்கு வராதுன்னு நினைச்சுக்கினு இருந்தேன் தம்பி. வாயைத் தொறந்தேன், சுலபமா வந்துடுச்சு. அதான் கொஞ்சம் பயமா இருக்குது."

கண்டக்டர் விசில் அடித்தார். மாமா இறங்கிக்கொண்டார்.

அதற்குப்பின் பல வருடங்கள் ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அப்பா உண்மை தெரியாமலே இறந்தார். தரகர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் போனேன். அப்போது எனக்குத் தலை நரைத்திருந்தது. ஊரில் வக்கீலய்யா என்பார்கள். அத்தை மட்டும் தம்பி என்றாள். உட்காரவைத்து இலை போட்டாள்.

"உங்க மாமா கிட்ட ஒரு பொய் வாங்கணும்னு சொல்லிக்கினு இருப்பேனே, ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

"இருக்குது அத்தை."

"வாங்கிட்டேன். அந்தக் கற்பூரத்துக்கு அப்பறம் ஒரு நாள். காச்சல்ல கெடந்து எழுந்தவ, கொழம்புல உப்பே போடல. எனக்கே தெரியல. அவரு பாட்டுக்குச் சாப்பிட்டாரு. எப்படி இருக்குதுன்னேன். நல்லாருக்குதுன்னாரு." சோற்றை அள்ளி இலையில் வைத்தாள். "அப்பறம் நான் வாயில வெச்சேன். அன்னைக்கு அழுத மாதிரி அவரு செத்ததுக்குக்கூட நான் அழுவல தம்பி."

நான் சோற்றில் குழம்புக்குக் குழி செய்தேன்.

"அவரு பீடி புடிக்கல. எனக்குத் தெரியாதா? யாருக்காகச் சொன்னீங்கன்னு கேட்டேன். அதைக் கேக்காதன்னாரு. கேட்டா சொல்லிடுவேன்னு சொல்லல. கடைசி வரைக்கும் கேட்டேன். சொல்லல." குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். "நீ அப்ப ஊர்லதானே இருந்த. உனக்குத் தெரியுமா தம்பி?"

அவர் வாக்கு அவரோடு முடிந்துவிட்டது. கேட்கிறவள் ஒருத்தி. அப்பா இல்லை. ஏர் பிடிக்க வைக்க யாரும் இல்லை. என் பெயரைத் தவிர நான் இழக்க ஒன்றும் இல்லை.

"தெரியாது அத்தை" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, சாப்பிடு" என்று குழம்பை ஊற்றினாள்.

சாப்பிட்டேன். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.